ஊசி ஏறாதவர்கள்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது. சாய்ந்து உட்காராததைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் முதுகு சாய்த்து உட்கார்ந்ததில்லை. ஊசி போடுகிறவன் கூன் போட்டால் கை நடுங்கும் என்று அப்பா சொல்வார். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. இப்போது சாய்ந்தால்தான் எனக்கு வலிக்கும்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எதையும் விட மாட்டேன். நீங்கள் நடுவில் கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பதிவுக் கருவி ஓடினாலும், நான் சொல்கிற வார்த்தைகளையே எழுதுங்கள். எழுதுகிறவர்கள் மற்றவன் பேச்சைக் கொஞ்சம் கேவலமாக்கித்தான் எழுதுவார்கள். நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

எங்கள் வைத்தியத்தை இப்போது எல்லாரும் அக்குபங்சர் என்கிறார்கள். எங்கள் தெருவில் அது எப்போதும் ஊசி வைத்தியம்தான். தாத்தா கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது, கூடப் பயணம் செய்த ஒரு வைத்தியரிடம் கற்றுக்கொண்டு வந்தது. அப்பா அதை வளர்த்தார். காது இரைச்சலுக்கு என்று அப்பா ஒரு புள்ளி கண்டுபிடித்தார். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டுக்குக் கீழே, விரல் வழுக்கி விழுகிற ஒரு பள்ளம். புத்தகங்களில் அந்த இடம் கிடையாது. நாங்கள் அதைக் குடும்பப் புள்ளி என்போம். வெளியூர்களிலிருந்தெல்லாம் அதற்காக ஆட்கள் வந்தார்கள். காதுக்குள் விசில் அடிக்கிறது, வண்டு குடைகிறது, மழை பெய்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். மற்ற இடங்களில் காசையும் காலத்தையும் தொலைத்துவிட்டுக் கடைசியாக வருவார்கள். அப்பாவுக்குப் பிறகு அந்தப் புள்ளியில் ஊசி வைக்கும் உரிமை எனக்கு வந்தது. நான் மூத்தவன். தம்பிக்கு இதில் நாட்டம் இல்லை. மெத்தை வியாபாரம் செய்கிறான். அதில் தவறொன்றும் இல்லை. நாலு பேர் படுத்துத் தூங்க வேண்டும்தானே.

தம்பிக்கு ஒரே மகள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்குக் குழந்தைகள் இல்லை. அவள் படித்துக் காது மருத்துவரானாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து இன்னொருத்தி காதைக் கையில் எடுத்திருக்கிறாள் என்று நான் மனதுக்குள் பெருமைப்பட்டேன். வெளியில் சொல்லவில்லை. பெருமையை வெளியில் சொன்னால் அது பீற்றல் ஆகிவிடும்.

அவளுடைய பெரிய டாக்டர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்: "உங்க பெரியப்பா ஊசி குத்துறாராமே, துணிக்கா, ஆளுக்கா?" எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவளும் சிரித்து வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

"சோதிச்சுப் பாத்துடலாம் பெரியப்பா," என்றாள். "முறைப்படி செய்யலாம். உண்மைன்னு வந்துட்டா அப்புறம் ஒருத்தரும் வாயத் திறக்க முடியாது."

"செய்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. யோசித்தால் சந்தேகப்பட்டதாக ஆகும்.

சோதனை என்பது எப்படி என்று உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பல வருடங்களாகக் காது இரைச்சல் இருக்கும் ஆட்களைச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் அவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு நிஜ ஊசி. மறுபாதிக்குப் போலி ஊசி. போலி ஊசி என்பது ஒரு வேடிக்கையான சாமான். நாடகத்தில் வரும் கத்தி மாதிரி. முனை மழுங்கலாக இருக்கும். தோலில் ஒட்டிய சிறிய வளையத்துக்குள் வைத்து அழுத்தினால் கம்பி கைப்பிடிக்குள் போய்விடும். பார்ப்பதற்கு ஊசி உள்ளே இறங்கியது மாதிரியே இருக்கும். சுருக்கென்றும் இருக்கும். ஆனால் தோலைத் துளைக்காது. படுத்திருப்பவருக்குத் தனக்குக் கிடைத்தது எது என்று தெரியாது. பக்கத்து அறையில் உட்கார்ந்து, இப்போது இரைச்சல் எவ்வளவு, தூக்கம் எப்படி என்று கேட்டுக் குறிக்கும் பெண்ணுக்கும் தெரியாது. என் தம்பி மகளுக்கும் தெரியாது. பொட்டலத்தைப் பிரிக்கிற எனக்கு மட்டும் தெரியும். ஊசி போடுகிறவனின் கண்ணைக் கட்ட முடியாது இல்லையா? இந்த வைத்தியத்தைச் சோதிப்பதில் இருக்கிற சிக்கலே அதுதான் என்று அவளே சொன்னாள்.

அதனால் இரண்டு விதிகள் வைத்தாள். முதலாவது, நான் படுத்திருப்பவர்களிடம் அவள் எழுதிக் கொடுத்த வாக்கியங்களை மட்டுமே பேச வேண்டும். வாங்க, படுங்க, லேசா சுருக்குன்னு இருக்கும், அசையாம இருங்க, முடிஞ்சது, அடுத்த வாரம் வாங்க. எல்லாருக்கும் ஒரே வார்த்தை, ஒரே குரல். இரண்டாவது விதி, அறையில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்து நான் விதியை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் விதிக்கு ஒப்புக்கொண்டேன். இரண்டாவதைக் கேட்டதும் எழுந்து நின்றேன்.

"என்னை வேவு பாக்க ஆள் வைக்கிறியா?"

"ஐயோ, வேவு இல்ல பெரியப்பா. எல்லா இடத்துலயும் இப்படித்தான் செய்வாங்க."

"எல்லா இடத்துலயும் உன் பெரியப்பா இல்ல."

தம்பி பக்கத்தில்தான் இருந்தான். "விடும்மா," என்றான். "அண்ணன் மேல ஒருத்தர உக்கார வச்சா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவர் முன்னாடி சாப்பிட உக்காருவேன்?"

அவள் விதிகள் எழுதிய தாளை மடித்தாள். பிறகு, "சரி, வேண்டாம்," என்றாள். நீங்கள் அவள்மேல் அதற்காக நடவடிக்கை எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவள் செய்தது தவறு என்றால், பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்தது தவறு என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுதாதீர்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஒரு முக்காலி, கை கழுவும் தொட்டி. சன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ்களைக் கழுவும் இடம். அவள் எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசினேன். நிஜ ஊசியையும் போலி ஊசியையும் ஒரே கவனத்தோடு வைத்தேன். கைக்கு அது கூசியது. அப்பாவின் புள்ளியில் ஒரு பொம்மைச் சாமானை வைத்து அழுத்துவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆனாலும் செய்தேன். ஒப்புக்கொண்டுவிட்டேன் அல்லவா.

பிறகு அச்சகக்காரர் வந்தார்.

அவர் ஆயுள் முழுவதும் அச்சு எந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். பலத்த உடம்பு, கறுத்த நகங்கள், காதில் ஓயாத கிரீச். அவருக்குப் போலி ஊசிதான் விழுந்திருந்தது. ஒருநாள் கட்டிலிலிருந்து எழுந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, என்ன கைராசிங்க உங்களுக்கு! பாதி சத்தம் போயிடுச்சு. நேத்து என் பொண்டாட்டி திட்டுனது முழுசா காதுல விழுந்துச்சுன்னா பாத்துக்குங்க. அது ஒண்ணுதான் இதுல கஷ்டம்."

தம்பி மகள் எழுதிக் கொடுத்தபடி, அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். அவர் போன பிறகு தொட்டியில் வெகுநேரம் கை கழுவினேன்.

அவர் மட்டும் இல்லை. போலி ஊசி விழுந்தவர்களில் நிறையப் பேர் அதையே சொன்னார்கள். தூக்கம் வருகிறது, முன்பு மாதிரி இல்லை, பரவாயில்லை. நிஜ ஊசி விழுந்தவர்களும் அதேதான் சொன்னார்கள். அதே வார்த்தை, அதே அளவு. எனக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் கண் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் முடிவு என்னவென்று எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் புள்ளியும் ஒரு மழுங்கல் கம்பியும் ஒன்று என்று எழுதுவார்கள். அதை என் தம்பி மகளின் கையாலேயே எழுதுவார்கள். அந்தப் பெரிய டாக்டர் அதை எல்லார் முன்னாலும் வாசிப்பார்.

இங்கேதான் நீங்கள் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும். நான் பொய் செய்யத் தொடங்கினேன் என்று நினைப்பீர்கள். நான் பொய்யைத் திருத்தத் தொடங்கினேன். யோசித்துப் பாருங்கள். அந்த அச்சகக்காரர் உடம்பில் ஊசியே ஏறவில்லை. ஏறாத ஊசியால் வந்த குணம் எப்படி நிஜமான குணம் ஆகும்? அது அவருக்குச் சேர வேண்டியது இல்லை. கடையில் தவறிப்போய்க் கூடுதலாகக் கொடுத்த சரக்கு மாதிரி. கடைக்காரன் திரும்பக் கேட்டால் அதில் அநியாயம் இல்லை. அவர்களுக்கு உரிமையில்லாமல் கிடைத்ததைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அதற்கு மருந்து எதுவும் நான் கொடுக்கவில்லை. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ரத்தத்தை எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒன்றும் கிடைத்திருக்காது. நான் பேசினேன். அதுவும் தன்மையாகப் பேசினேன்.

காது இரைச்சல் ஒரு விசித்திரமான வஸ்து. வெளியில் சத்தம் எதுவும் கிடையாது. உள்ளே மனம் அதைப் போய்ப் பார்க்கப் பார்க்க அது வளரும். பார்க்காமல் விட்டால் மூலையில் கிடக்கும். நல்ல காது மருத்துவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். அதைக் கவனிக்காதீர்கள், வேறு வேலை பாருங்கள், மெல்லிசாகப் பாட்டு எதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று. நான் அதைத் தலைகீழாகச் சொன்னேன்.

போலி ஊசி விழுந்தவர்களிடம் மட்டும், ஊசி வைத்து முடித்ததும் முக்காலியைத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடச் சொன்னேன். இப்போது அதைக் கேளுங்கள் என்றேன். எந்தப் பக்கம்? ஒரே சத்தமா, அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதா? நான் பேசும்போது என் குரலுக்கு அடியில் அது கேட்கிறதா? வீட்டிலும் இப்படியே தினமும் கேளுங்கள். அப்போது வானொலி வேண்டாம், பேச்சு வேண்டாம். அமைதியான இடத்தில் தனியாக உட்கார்ந்து, அது குறைந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தேடாவிட்டால் உங்களுக்குத் தெரியாமல் வளர்ந்துவிடும். இதைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம், இது எங்கள் குடும்ப முறை என்றேன்.

யாரும் சொல்லவில்லை. குடும்ப முறை என்றால் மனிதர்கள் அதை மதிக்கிறார்கள்.

நிஜ ஊசி விழுந்தவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசவில்லை. அவர்களுக்கு உதவி செய்திருக்கலாம். கவனிக்காதீர்கள் என்று சொல்லியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. அப்பாவின் ஊசிக்கு வாய் உதவி தேவையில்லை. அதில் நான் நேர்மையாக இருந்தேன்.

அச்சகக்காரர் சில வாரங்களில் கைகுலுக்குவதை நிறுத்தினார். "திரும்பிடுச்சுங்க," என்றார். "முன்னைக்கு மேல இருக்கு. எந்திரம் ஓடும்போதுதான் நிம்மதியா இருக்கு." வீட்டில் படுக்காமல் அச்சகத்திலேயே எந்திரத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவருக்கு எந்திரம் இருந்தது. அதனால் அவர் தப்பினார் என்று சொல்ல வேண்டும்.

இனி, நீங்கள் எதற்காக என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்களோ அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

அவள் ஒரு குறைகேட்பு நிலையத்தில் வேலை பார்த்தவள். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு, மின்சாரம் வரவில்லை, பொருள் வந்து சேரவில்லை என்று தொலைபேசியில் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. மாமியாரோடு வருவாள். புருஷன் தூர தேசத்தில் வேலை. மாமியாருக்கு வாய் அதிகம். முதல் நாளே அறை வாசலில் நின்று சொன்னார்:

"வைத்தியரே, இது நோயே இல்ல. நான் பேசறத கேக்காம இருக்கறதுக்கு இவளே கண்டுபுடிச்சது."

"அத்தை, நீங்க பேசறது அந்த விசிலையும் தாண்டிக் கேக்குது. அதான் என் கஷ்டமே," என்றாள் அவள். பிறகு என்னிடம், "நாள் பூரா ஊர்க்காரங்க குறைய கேட்டேன் ஐயா. இப்போ என் காதே எனக்குக் குறை சொல்ல ஆரம்பிச்சிருக்கு," என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டுதான் எப்போதும் வருவார்கள், போவார்கள். பார்க்கிறவர்கள் மகள் என்றுதான் நினைப்பார்கள். 

அவளுக்கும் போலி ஊசி. அவளுக்கும் முதலில் குறைந்தது. விட்டிருந்த வேலைக்குத் திரும்பப் போனாள். அதன் பிறகுதான் நான் பேசத் தொடங்கியது.

மற்றவர்கள் நான் சொன்னதைப் பாதி செய்தார்கள், மறந்தார்கள், சோம்பல்பட்டார்கள். இவள் அப்படி இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற பெண். தொழில் அவளைக் கேட்கப் பழக்கியிருந்தது. எதிராளியின் மூச்சை வைத்தே அவர் கோபத்தில் இருக்கிறாரா அழப்போகிறாரா என்று சொல்லிவிடுவாளாம். அந்தக் காதை அவள் உள்பக்கமாகத் திருப்பினாள்.

"ஐயா சொன்ன மாதிரியே உக்காந்து கேட்டேன்," என்றாள் ஒருமுறை. "விசிலுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கு. கம்பிய இழுக்கற மாதிரி. முன்னாடி இது தெரியல."

"நல்லது," என்றேன். "கவனிப்பு கூர்மையாகிறது."

"நன்றிங்க ஐயா," என்றாள்.

அடுத்து வந்தபோது மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதற்கும் அடுத்த முறை அவள் எண்ணுவதை விட்டுவிட்டிருந்தாள். வேலையையும் விட்டுவிட்டாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாமியார் வாசலில் நின்று எதுவும் பேசவில்லை. அவரைப் பேசாமல் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பக்கத்து அறைப் பெண் கடைசித் தடவையாக எல்லாரிடமும் கேட்டுக் குறிக்க வேண்டிய வாரம் அடுத்து வந்தது. அதற்கு முந்திய அமர்வில் அந்த மருமகள் கட்டிலில் படுத்தபடி கேட்டாள்:

"ஐயா, கொஞ்ச நாள் கேக்காம இருந்து பாக்கட்டுமா?"

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் என்னிடம் இதற்கு முன் விசாரித்தவர்கள் இதைக் கேட்கவில்லை. அவள் அனுமதி கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. சொல்லியிருந்தால் அவள் எழுந்து போய் ஒரு பாட்டைப் போட்டிருப்பாள். மாமியாரோடு சண்டை பிடித்திருப்பாள். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மூலைக்குப் போயிருக்கும். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு வாரத்தில் கொஞ்சம் குறைந்துவிட்டால் குறிக்கிற அளவு கெட்டுவிடும். போலி ஊசிக்காரர்களிலேயே அவளுக்குத்தான் இரைச்சல் அதிகமாக ஏறியிருந்தது. அவள் ஒருத்தியே பல பேருக்குச் சமம்.

"இன்னும் ஒரு வாரம்," என்றேன். "விடாமல் கேளுங்கள். இப்போது விட்டால் இதுவரை பட்டதெல்லாம் வீண்."

அவள் தலையை அசைத்தாள். காதோரம் கண்ணீர் வழிந்து வளையத்தின் பிசினை நனைத்துவிட்டது. போலி ஊசி சாய்ந்தது. நான் துடைத்துவிட்டு மறுபடி நிமிர்த்தி வைத்தேன்.

அந்த வாரம் அவள் வந்தாள், குறித்துக் கொடுத்தாள், போனாள். சோதனை முடிந்தது. அமர்வுகள் முடிந்ததால் நிறுத்தச் சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் மறைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஞாபகம் இருந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னால் முறை தவறியது தெரிந்துவிடும்.

முடிவு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம். என் தம்பி மகள் வீட்டுக்கு ஓடி வந்து என் காலைத் தொட்டாள்.

"பெரியப்பா, ஜெயிச்சுட்டீங்க. எங்க பெரிய டாக்டர் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். எச்சில் முழுங்கவே இல்ல."

தம்பி கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தான். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். அப்பாவின் படத்துக்குக் கீழே நான் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்க வேண்டும். கை மரத்துப்போன பிறகு எதையாவது பிடித்தால் இருக்குமே, அப்படி இருந்தது.

ஊருக்கு வெளியே ஏரியிலிருந்து தண்ணீர் விழுகிற ஒரு மதகு உண்டு. அங்கே நின்றால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அந்தப் பெண் அங்கே போய் நிற்கத் தொடங்கியிருக்கிறாள். முதலில் கொஞ்ச நேரம், பிறகு காலையிலிருந்து பொழுது சாயும்வரை. தண்ணீர்ச் சத்தத்தில் மட்டும் அவளுக்கு எதுவும் கேட்கவில்லையாம். கரையில் நின்றவள் கைப்பிடிச் சுவரில் உட்காரப் பழகினாள். சுவரில் உட்கார்ந்தவள் அதைத் தாண்டிக் கீழ்ப்படியில் இறங்கினாள். சத்தம் கீழேதான் அதிகம். ஒருநாள் அவள் திரும்பி வரவில்லை. வழுக்கியதா, குதித்தாளா என்று உங்கள் ஆட்களுக்கே தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்.

இது எங்களுக்கு மாமியார் வந்து சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் என் தம்பி மகளின் அறைக்கு வந்தார். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அழவில்லை. வாய் மட்டும் பழைய வேகத்தில் ஓடியது.

"உங்க பெரியப்பாவ குத்தம் சொல்ல வரல டாக்டரம்மா. அவர் தங்கமா சொல்லிக் குடுத்தாரு. தினமும் தனியா உக்காந்து அந்தச் சத்தத்தையே கேளு, வேற சத்தம் எதுவும் கூடாதுன்னாரு. நானும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். என் ஆயுசுல நான் அப்படி இருந்ததில்ல. இந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் செஞ்சுது. நடுவுல புத்தி கெட்டுப்போய் மதகுக்குப் போக ஆரம்பிச்சுட்டா. அதான் முறை தப்பிடுச்சு. அவர் சொன்னபடியே கேட்டிருந்தா என் பொண்ணு இருந்திருப்பா, இல்லீங்களா ஐயா?"

கேள்வி என்னிடம்தான்.  துக்கத்தில் இருப்பவர்களிடம் வாதாடக் கூடாது.

என் தம்பி மகள் மேசையில் இருந்த காது பார்க்கும் கருவியைக் கையில் எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தாள். மாமியாரை வெளிவாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"எல்லாருக்கும் இதச் சொன்னீங்களா, பெரியப்பா? இல்ல, போலி ஊசி போட்டவங்களுக்கு மட்டுமா?"

"நீ வித்தியாசம் கேட்டாய். வந்ததா, இல்லையா?"

"வித்தியாசம் எப்படி வந்துச்சு தெரியுமா உங்களுக்கு? உங்க ஊசி போட்டவங்களுக்குக் கூடுதலா ஒண்ணும் குறையல. போலி ஊசிக்காரங்களுக்குத்தான் சத்தம் ஏறியிருக்கு. என்னடா இது, போலி ஊசில எப்படி ஏறும்னு நானே முழிச்சிக்கிட்டிருந்தேன். ஆனா உங்க மேல சந்தேகமே வரல. ஏன் வரல? நான் என்ன படிச்சேன்?"

"குரலைத் தாழ்த்து. வெளியில் ஆட்கள் இருக்கிறார்கள்."

 அவள் தொலைபேசியை எடுத்து அச்சகக்காரரை அழைத்தாள். அதன் பிறகு ஒவ்வொருவரையாக அழைத்தாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் தம்பி வந்தான். வாசலிலேயே நின்றான். "அண்ணா, அந்த அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுங்க. நானும் கூட வர்றேன்," என்றான். அவன் என்னிடம் இதுவரை எதையும் செய்யச் சொன்னதில்லை. நான் அவனிடம், மன்னிப்புக் கேட்டால் அப்பாவையும் சேர்த்துத்தான் கேட்டதாகும், அந்த உரிமை எனக்கு இல்லை என்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் மகள் உங்களிடம் வந்தாள். தன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள், அறையில் ஆள் வைக்காமல் விட்டது தன் தவறு என்று. நாலு சுவருக்குள் பேச வேண்டியதை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தாள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அவளை மன்னித்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஒப்புக்கொள்கிறேனா என்று கேட்டால், ஒப்புக்கொள்கிறேன். ஊசி ஏறாதவர்களுக்குக் காதில் இருந்த சத்தத்தை நான் வளர்த்தேன். தெரிந்து, யோசித்து, ஒவ்வொரு வாரமும் வளர்த்தேன். அந்தப் பெண் நிறுத்தட்டுமா என்று கேட்டபோது, நிறுத்தினால் தேறிவிடுவாள் என்று தெரிந்தே, கூடாது என்றேன். அவள் சாவாள் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்கள் கேட்டால், அந்த வாரம் குறித்து முடிக்கும்வரை அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். கவனித்தால் வளரும், இரண்டாவது சத்தம் வரும், பிறகு மூன்றாவது வரும் என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், உங்கள் வைத்தியத்தில் அது இல்லையே என்று. நியாயமான கேள்வி.

வாலிபத்தில் எனக்கும் அது இருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒரு வருடம் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், இன்று போய்விடும், நாளை போய்விடும் என்று. பிறகு அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்திருந்தார். கூடத்தில் வேறு வைத்தியத்துக்கு வந்தவர்கள் சிலர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே என்னை உட்கார வைத்து ஊசி போட்டார். எடுத்ததும், "போயிடுச்சா?" என்று கேட்டார். கூடமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "போயிடுச்சுப்பா," என்றேன். சொந்த மகனையே குணப்படுத்தினார் என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. எங்கள் வாசலில் கூட்டம் சேர்ந்தது அதிலிருந்துதான். அன்றைக்குப் போனதுதான். இத்தனை வருடத்தில் அது திரும்பி வந்ததே இல்லை.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? மின்விசிறியை நிறுத்தவா? பதிவில் என் குரல் தெளிவாக விழவில்லை என்றால் நான் உரக்கப் பேசுகிறேன். அதை நிறுத்த வேண்டாம். ஓடட்டும். கொஞ்ச நேரம்கூட நிறுத்த வேண்டாம்.